வாசகர் கேள்விகள்: நான்காம் மாதத்துக்குப் பிறகு கருக்கலைப்பு – மருந்தும் அளவும் இடைவெளியும்

கருவில் பிழைக்க வழியில்லாத குறைபாடு தெரிந்த பிறகோ, கர்ப்பம் தொடர்ந்தால் தாயின் உயிருக்கே ஆபத்து என்றாகும்போதோ, 13 முதல் 27 வாரத்துக்குள் கர்ப்பத்தை முடிக்க வேண்டி வரலாம். அப்போது கொடுக்கப்படும் புராஸ்டாகிளாண்டின் மருந்துகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவர் குழு பதில் தருகிறது. இங்கே வரும் அளவுகள் உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலையும், மகப்பேறு மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீகோவின் அட்டவணையையும் ஒட்டியவை. ரத்தம் ஏற்றவும் அவசர அறுவை செய்யவும் வசதியுள்ள மருத்துவமனையில், உள்நோயாளியாக வைத்துத் தரப்படும் அளவுகள் இவை. வீட்டில் முயன்று பார்க்க அல்ல.

கேள்வி: 20ஆவது வார ஸ்கேனில் குழந்தைக்கு மண்டை ஓடு உருவாகவில்லை என்று தெரிந்தது. மாத்திரை வைத்து வலி வரவழைத்துத்தான் எடுக்க வேண்டும் என்கிறார்கள். மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறந்து எடுத்துவிடக் கூடாதா? அந்த மாத்திரை வயிற்றுப்புண்ணுக்குக் கொடுப்பது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். குழப்பமாக இருக்கிறது.

பதில்: உங்கள் உறவினர் சொல்வது பொய்யல்ல. மிசோப்ரோஸ்டால் என்ற அந்த மாத்திரை செயற்கையாகச் செய்த புராஸ்டாகிளாண்டின். இரைப்பைப் புண்ணுக்காகத்தான் அது உருவாக்கப்பட்டது. வலிநிவாரணி மாத்திரைகளை நீண்ட நாள் சாப்பிடுபவர்களின் இரைப்பையை அது காக்கும். கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தால் கர்ப்பப்பை சுருங்கும் என்ற எச்சரிக்கை அதன் அட்டையிலேயே இருந்தது. அந்தப் பக்கவிளைவுதான் இன்று அதன் முதன்மைப் பயன்.

புராஸ்டாகிளாண்டின் என்பது நம் உடலே செய்துகொள்ளும் ஒரு பொருள். அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்திலிருந்து அது உருவாகிறது. 1930களில் உல்ஃப் வான் ஆய்லர் அதை விந்து நீரில் கண்டு, புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவதாக எண்ணி அந்தப் பெயரை வைத்தார். உண்மையில் அது பெரும்பாலும் வந்தது விந்துப்பையிலிருந்து. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இயல்பான பிரசவத்திலும் கர்ப்பப்பை வாயை இளக்குவதும் தசையைச் சுருக்குவதும் இதே பொருள்தான்.

இளக்குவது என்ற சொல்லைக் கவனியுங்கள். ஐந்தாம் மாதத்தில் கர்ப்பப்பை வாய் நீளமாக, கெட்டியாக, இறுக மூடியிருக்கும். அதைக் கெட்டியாக வைத்திருப்பவை கொலாஜன் இழைகள். புராஸ்டாகிளாண்டின் அந்த இழைகளின் பின்னலைத் தளர்த்தி, இடையில் நீர் கோக்க வைக்கிறது. கூடவே மேலே தசையைச் சுருங்கச் செய்கிறது. பிரசவ வார்டில் ட்ரிப்ஸில் ஏற்றும் ஆக்ஸிடோசினால் இந்த மாதத்தில் இவ்வளவு செய்ய முடியாது. ஆக்ஸிடோசினை ஏற்றுக்கொள்ளும் ஏற்பிகள் கர்ப்பப்பைத் தசையில் நிறைமாதம் நெருங்கும்போதுதான் பெருகும். ஐந்தாம் மாதத்தில் அவை குறைவு. பலன் வர வேண்டும் என்று அளவை ஏற்றிக்கொண்டே போனால் உடலில் நீர் தேங்கி, ரத்தத்தில் சோடியம் இறங்கி, வலிப்பு வரை போகும். புராஸ்டாகிளாண்டினுக்கோ கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் கர்ப்பப்பை செவிசாய்க்கும்.

அறுவையை ஏன் தவிர்க்கிறோம் என்றால், ஐந்தாம் மாதத்தில் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி மெலிந்து விரிந்திருக்காது. நிறைமாத சிசேரியனில் போடுவது போல அங்கே குறுக்காக வெட்டி எடுக்க இடமிருக்காது. தடித்த மேல்தசையை நெடுக்காக வெட்ட நேரலாம். அந்தத் தழும்பு அடுத்த கர்ப்பத்தில் வலி வருவதற்கு முன்பே கூடப் பிரியலாம். பிழைக்காத குழந்தைக்காக அடுத்த குழந்தையைப் பணயம் வைப்பதாகிவிடும். வலியை நினைத்துத்தான் மயக்கம் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. வலிக்குத் தனியே மருந்து உண்டு. கீழே வேறொருவரும் அதைக் கேட்டிருக்கிறார்.

கர்ப்பப்பை வாயை விரித்துக் கருவிகளால் வெளியேற்றும் முறையும் இருக்கிறது. அதில் பழகிய கைகள் இருந்தால் அது பாதுகாப்பானதுதான், நேரமும் குறைவு. ஆனால் குழந்தை முழுமையாக வராது. முகம் பார்க்க விரும்பும் பெற்றோருக்கும், உடற்கூறு பரிசோதனை தேவைப்படும்போதும் மருந்து முறையே உகந்தது.

கேள்வி: நான் செவிலியர் பயிற்சி மாணவி. மிஃபெப்ரிஸ்டோன் 200, மிசோப்ரோஸ்டால் 200 என்று இரண்டு அட்டைகளிலும் ஒரே எண். எது எப்போது, எத்தனை, எந்த வழியில்?

பதில்: எண் ஒன்று, அலகு வேறு. மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம். மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம், அதாவது 0.2 மில்லிகிராம். கேஸ் ஷீட்டில் வெறுமனே 200 என்று எழுதியிருந்தால் மருந்தை எடுக்காதீர்கள். அலகை முழுச் சொல்லாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

மிஃபெப்ரிஸ்டோன் புராஸ்டாகிளாண்டின் அல்ல. கர்ப்பத்தைத் தாங்கி நிற்கும் புரோஜெஸ்டிரோனுக்கான ஏற்பியை அடைத்துக்கொள்ளும் மருந்து. 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒன்று, வாய் வழியாக, ஒரே முறை. அது கொடுத்து 24 முதல் 48 மணி நேரம் கழித்து மிசோப்ரோஸ்டால் ஆரம்பிக்க வேண்டும்: 400 மைக்ரோகிராம், அதாவது 200 மாத்திரை இரண்டு, 3 மணி நேரத்துக்கு ஒரு முறை, கரு வெளியேறும் வரை. இது 24 வாரம் வரை உள்ள அளவு. 25 வாரத்திலிருந்து 28 வாரம் வரை 200 மைக்ரோகிராம், 4 மணி நேரத்துக்கு ஒரு முறை. 28 வாரத்தைத் தாண்டினால் 100 மைக்ரோகிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு முறை.

மாதம் ஏற ஏற அளவு இறங்குகிறது, இடைவெளி நீள்கிறது. புதிதாக வருபவர்கள் தவறுவது இங்கேதான். குழந்தை பெரிதாக இருக்கிறதே, கூடுதல் மருந்து வேண்டாமா என்று தோன்றும். கணக்கு தலைகீழ். மாதம் ஏறும்போது கர்ப்பப்பை இந்த மருந்துக்கு மேலும் மேலும் கூர்மையாக எதிர்வினை காட்டுகிறது. 14 வாரத்தில் சாதாரணமான டோஸ் 28 வாரத்தில் கர்ப்பப்பையைக் கிழித்துவிடலாம். அதனால் முதல் டோஸுக்கு முன் ஸ்கேனில் எத்தனை வாரம் என்று உறுதி செய்திருக்க வேண்டும். கடைசி மாதவிலக்குத் தேதியை மட்டும் நம்பக் கூடாது. கரு ஏற்கெனவே வயிற்றிலேயே இறந்திருந்தால் கர்ப்பப்பை இன்னும் எளிதாக இசையும். அங்கே இடைவெளி 4 முதல் 6 மணி நேரம். ஃபீகோ அட்டவணையில் அந்த நிலைக்கு 26 வாரம் வரை அளவும் 200 மைக்ரோகிராம்தான்.

வழியைப் பொறுத்தவரை நாக்குக்கு அடியில், கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில், பிறப்புறுப்பு வழியாக என மூன்றும் ஏற்றவை. வெறுமனே விழுங்கினால் ரத்தத்தில் அளவு அரை மணியில் உச்சம் தொட்டு விரைவில் சரிந்துவிடும். இந்த வேலைக்கு அது போதாது. நாக்குக்கு அடியில் வைத்தால் அரை மணி நேரத்தில் உச்சம், அதுவும் மிக உயரமான உச்சம். பலன் வேகம், குளிர் நடுக்கமும் அதிகம். பிறப்புறுப்பில் வைத்தால் உச்சம் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் பல மணி நேரம் நீடிக்கும். பின்பக்கக் குழிவு வரை உள்ளே தள்ளி வைத்து, அரை மணி நேரம் படுத்திருக்கச் சொல்லுங்கள். ரத்தம் வர ஆரம்பித்துவிட்டால் மாத்திரை கரைந்து உடலில் சேராமல் ரத்தத்தோடு வந்துவிடும். அப்போது நாக்குக்கு அடியிலோ கன்னத்துக்குள்ளோ வைக்க மாற்றிக்கொள்வது நல்லது. கன்னத்துக்குள் என்றால் பக்கத்துக்கு ஒன்றாக 30 நிமிடம் அடக்கி வைத்து, மீதியைத் தண்ணீரோடு விழுங்கச் சொல்ல வேண்டும்.

கேள்வி: முதல் மாத்திரை கொடுத்து மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்த இரண்டு நாள் நரகமாக இருக்கிறது. காத்திருந்துதான் ஆக வேண்டுமா?

பதில்: காத்திருப்பின் வலி பெரியதுதான். ஆனால் அந்த இடைவெளிக்குள் நடக்கும் வேலையும் பெரியது. மிஃபெப்ரிஸ்டோன் கர்ப்பப்பையைப் புராஸ்டாகிளாண்டினுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு இணக்கமாக்குகிறது. அது முழுமையடைய ஒரு நாளுக்கு மேல் வேண்டும். இரண்டும் சேர்த்துக் கொடுத்தால், முதல் மிசோப்ரோஸ்டாலிலிருந்து பெரும்பாலும் 6 முதல் 10 மணி நேரத்தில் முடிகிறது. மிசோப்ரோஸ்டால் மட்டும் என்றால் இன்னும் பல மணி நேரம் நீளும், டோஸும் கூடும், வலியும் கூடும். வீட்டில் கழியும் இரண்டு நாள், வலியில் கழியும் நேரத்தைக் குறைக்கிறது. 24 மணி நேரத்திலேயே ஆரம்பிக்கவும் வழி உண்டு, கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் இருக்கும்போது லேசான ரத்தக்கசிவும் இடுப்பு வலியும் வரலாம். சிலருக்கு முதல் மாத்திரையிலேயே கரு வெளியேறிவிடுவதும் உண்டு, அரிது. வலி விட்டுவிட்டு வந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைந்தாலோ, குறித்த நாளுக்குக் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.

காத்திருக்கவே கூடாத நிலைகளும் இருக்கின்றன. பனிக்குடம் உடைந்து கிருமி தொற்றிக் காய்ச்சல் வந்திருந்தால், உதிரப்போக்கு அதிகமாக இருந்தால், ரத்தக் கொதிப்பு கட்டுக்கடங்காமல் ஏறினால், மிஃபெப்ரிஸ்டோனுக்காக ஒரு மணி நேரம் கூட வீணாக்கக் கூடாது. ஆன்டிபயாட்டிக்கும் மிசோப்ரோஸ்டாலும் உடனே தொடங்க வேண்டும். அட்ரீனல் சுரப்பி செயலிழந்தவர்கள், நீண்ட காலமாக ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், பரம்பரை போர்ஃபிரியா (ரத்தச் சிவப்பு நிறமி உருவாவதில் வரும் கோளாறு) உள்ளவர்கள் ஆகியோருக்கும் மிஃபெப்ரிஸ்டோன் பொதுவாகத் தரப்படுவதில்லை.

கேள்வி: முதல் பிரசவம் சிசேரியன். இப்போது 19 வாரம், கருவின் இதயத்தில் சரிசெய்ய முடியாத குறை. மாத்திரை வைத்தால் பழைய தையல் பிரிந்துவிடுமா?

பதில்: பிரியலாம், ஆனால் அரிது. கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் மிசோப்ரோஸ்டால் பெற்றவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முன்பு சிசேரியன் ஆனவர்களில் கர்ப்பப்பை கிழிந்தது 0.28 சதவீதம், அதாவது ஆயிரத்தில் மூன்று பேருக்கும் சற்றுக் குறைவு. சிசேரியன் ஆகாதவர்களில் 0.04 சதவீதம். ஒரு சிசேரியன் இந்த முறைக்குத் தடையல்ல, 26 வாரம் வரை கொடுக்கலாம் என்பதே ஃபீகோவின் நிலை. எண்ணிக்கை இரண்டு, மூன்று என்று கூடினாலோ, பழைய வெட்டு நெடுக்குவாட்டில் இருந்தாலோ ஆபத்து ஏறும். அப்போது அளவைக் குறைத்து இடைவெளியை நீட்டும் மருத்துவர்கள் உண்டு. தழும்புள்ளவர்களுக்கு மிஃபெப்ரிஸ்டோனைத் தவிர்க்காமல் முதலில் கொடுப்பதே எங்கள் விருப்பம். மொத்த மிசோப்ரோஸ்டால் அளவு குறையும் அல்லவா?

மருந்துக்கு முன் ஸ்கேனில் ஒன்றைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்: நச்சுக்கொடி பழைய தழும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, தசைக்குள் ஊடுருவியிருக்கிறதா? ஊடுருவியிருந்தால் கரு வந்த பிறகு நச்சுக்கொடி பிரியாது, உதிரப்போக்கு கட்டுக்கடங்காமல் போகும். அது வேறு திட்டம், வேறு ஏற்பாடு.

வலி நடக்கும்போது செவிலியர்கள் எதைக் கவனிப்பார்கள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். சுருங்கி விரியும் வலி திடீரென்று நின்றுபோவது, அதற்குப் பதிலாக இடைவிடாத வயிற்று வலி, நாடித்துடிப்பு ஏறுவது, ரத்த அழுத்தம் இறங்குவது, தோள்பட்டையில் வலி. இவை கிழிதலின் அறிகுறிகள். வலி நின்றுவிட்டதே என்று நினைத்து அந்த நேரத்தில் அடுத்த டோஸ் கொடுப்பது பெரிய பிழை. ஒவ்வொரு டோஸுக்கும் முன் வயிற்றில் கைவைத்துப் பார்த்தே ஆக வேண்டும். சுருக்கங்கள் ஏற்கெனவே பலமாகவும் அடுத்தடுத்தும் வந்தால் டோஸைத் தள்ளிப்போடுவார்கள்.

கேள்வி: எனக்கு ஆஸ்துமா. புராஸ்டாகிளாண்டின் கூடாது என்று ஒருவரும், கொடுக்கலாம் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள்.

பதில்: இருவரும் வெவ்வேறு மருந்தைச் சொல்கிறார்கள். புராஸ்டாகிளாண்டின் ஒரு குடும்பம். கார்போப்ராஸ்ட் அந்தக் குடும்பத்தின் எஃப் பிரிவைச் சேர்ந்தது. 250 மைக்ரோகிராம் தசை ஊசியாக, ஒன்றரை முதல் மூன்றரை மணி நேர இடைவெளியில் போடுவது. மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஆஸ்துமாக்காரர்களுக்குக் கூடாது. நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் உள்ள இதய நோயாளிகளுக்கும் ஆகாது. நரம்பு வழியாக ஒருபோதும் ஏற்றக் கூடாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் நோயாளியைப் படுத்தி எடுத்துவிடும். ஊசி மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும்.

மிசோப்ரோஸ்டால் ஈ1 பிரிவு. மூச்சுக்குழாயைச் சுருக்காது. உங்களுக்கு அதைக் கொடுக்கலாம். அதே ஈ1 பிரிவில் ஜெமிப்ரோஸ்ட் என்றொரு மருந்து உண்டு. 1 மில்லிகிராம் பிறப்புறுப்பில் வைப்பது. பலன் நன்றாக இருந்தாலும் உறைநிலையில் பாதுகாக்க வேண்டும், விலையும் அதிகம். சாதாரண அறை வெப்பத்தில் இருக்கும் மிசோப்ரோஸ்டால் அதை ஓரங்கட்டியதற்கு அதுவே போதுமான காரணம். ஈ2 பிரிவின் டைனோப்ரோஸ்டோன் ஜெல் நிறைமாதத்தில் கர்ப்பப்பை வாயை இளக்கத்தான் பெரிதும் பயன்படுகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதை எச்சரிக்கையோடு கொடுக்க வேண்டும்.

உங்கள் கேஸ் ஷீட்டின் முகப்பிலேயே ஆஸ்துமா என்று எழுதச் சொல்லுங்கள். கரு வந்த பின் உதிரப்போக்கு மிஞ்சினால், அவசரத்தில் கை போகும் ஊசி கார்போப்ராஸ்ட்தான்.

கேள்வி: பணி ஓய்வு பெற்ற செவிலியர் நான். அந்தக் காலத்தில் பனிக்குடத்துக்குள் உப்புக்கரைசல் ஏற்றுவார்கள். எத்தாக்ரிடின் மஞ்சள் மருந்தும் ரப்பர் குழாய் வழியாக விடுவோம். அவையெல்லாம் ஏன் போயின?

பதில்: 20 சதவீத உப்புக்கரைசல் பனிக்குடத்துக்குள் இருக்கும் வரை சரி. ஊசி சற்று விலகி ரத்தக்குழாய்க்குள் போனால் சோடியம் எகிறி மூளை பாதிக்கும். சரியான இடத்தில் போனாலும் ரத்தம் உறையும் தன்மை கெட்ட சம்பவங்கள் உண்டு. எத்தாக்ரிடின் 0.1 சதவீதக் கரைசல், கர்ப்பத்தின் ஒவ்வொரு வாரத்துக்கும் 10 மில்லி என்ற கணக்கில் அதிகபட்சம் 150 மில்லி, பனிக்குடச் சவ்வுக்கு வெளியே விடுவது. உப்பைவிடப் பாதுகாப்பானதுதான். ஆனால் மெதுவானது, குழாய் நுழைப்பதால் கிருமித் தொற்றுக்கும் வழி. இரண்டுமே கர்ப்பப்பைக்குள் ஏதாவது ஒன்றைச் செருகினால்தான் நடக்கும். எத்தாக்ரிடின் சவ்வைக் கிளறி உடலின் சொந்தப் புராஸ்டாகிளாண்டினைச் சுரக்கச் செய்தும் வேலை செய்தது. அதை நேரடியாகவே கொடுக்க முடியும் என்றான பிறகு சுற்றுவழி எதற்கு?

கேள்வி: மருந்து ஆரம்பித்ததும் உடம்பு தூக்கிப்போட்டது, காய்ச்சல் 102 டிகிரி. கிருமித் தொற்றா? வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும் என்று பக்கத்துப் படுக்கைக்காரர் பயமுறுத்தினார்.

பதில்: டோஸ் கொடுத்து ஒரு மணி நேரம் முன்பின்னாக வரும் குளிர் நடுக்கமும், தொடர்ந்து ஏறும் காய்ச்சலும் பெரும்பாலும் மிசோப்ரோஸ்டாலின் வேலை. மூளையில் உடல் வெப்பத்தை நிர்ணயிக்கும் இடத்தைப் புராஸ்டாகிளாண்டின் தூண்டுகிறது. போர்வையும் பாராசிட்டமாலும் போதும், சில மணி நேரத்தில் இறங்கும். மருந்து நிறுத்தி 24 மணி நேரத்துக்குப் பிறகும் காய்ச்சல் இருந்தால், பிறப்புறுப்பிலிருந்து வரும் கசிவில் துர்நாற்றம் அடித்தால், வெப்பம் இறங்கிய பிறகும் நாடி வேகமாகவே ஓடினால், அது தொற்று என்றே கருதிச் சிகிச்சை தர வேண்டும்.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபேன் ஆகியவை உடல் புதிதாகப் புராஸ்டாகிளாண்டின் செய்வதைத் தடுப்பவை. வெளியிலிருந்து ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட மருந்தை அவை ஒன்றும் செய்யாது. இந்தப் பயத்தால் வலிமருந்து மறுக்கப்படுவது தேவையற்ற கொடுமை. முதல் மிசோப்ரோஸ்டாலோடு சேர்த்தே இதைத் தொடங்கிவிட வேண்டும். வலி ஏறிய பிறகு துரத்தினால் பிடிக்க முடியாது. அது போதாதபோது மார்ஃபின் வகை ஊசியோ, முதுகுத்தண்டு எபிடியூரலோ கேட்டுப் பெறுங்கள். குழந்தைக்கு ஆகுமா என்ற கவலை இங்கே இல்லை. நிறைமாதப் பிரசவத்தைவிடத் தாராளமாகவே வலிமருந்து தரலாம்.

கேள்வி: ஐந்து டோஸ் முடிந்தும் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் ஓடிவிட்டது. மருந்து தோற்றுவிட்டதா?

பதில்: மிஃபெப்ரிஸ்டோனோடு சேர்த்துக் கொடுத்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் 24 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதல் கர்ப்பம் என்றால் சற்று நீளும். மீதிப் பேரில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் டோஸ்களுக்கு உச்ச எண்ணிக்கை எதுவும் வைக்கவில்லை. தொடர்ந்து கொடுப்பவர்களும் உண்டு. ஐந்து டோஸுக்குப் பின் 12 மணி நேரம் ஓய்வு விட்டு, உண்டு உறங்கச் சொல்லி மறுபடி ஆரம்பிப்பவர்களும் உண்டு. களைத்துப்போன பெண்ணுக்கு அந்த ஓய்வு நல்லது.

ஆனால் அடுத்த டோஸுக்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். சாதாரணமான காரணம் மாத்திரையே. மிசோப்ரோஸ்டால் ஈரத்தைத் தாங்காது. இருபுறமும் அலுமினியத் தாள் உள்ள அட்டையிலிருந்து டோஸ் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். வெட்டி வைத்த, ஈரம் பட்ட, முந்தின நாள் பிரித்த மாத்திரை வீரியம் இழந்திருக்கும். அடுத்தது, இரண்டு டோஸுக்கு இடையே மணிக்கணக்கில் விடுபட்டுப் போவது. இரவு வார்டில் இது நடப்பதுண்டு. அதையெல்லாம் தாண்டியும் கர்ப்பப்பை வாயில் துளி மாற்றமும் இல்லை, சுருக்கமே உணரப்படவில்லை என்றால் ஸ்கேனைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். கரு கர்ப்பப்பைக்கு வெளியே வயிற்றறையில் வளர்ந்திருக்கலாம், கர்ப்பப்பையில் வளர்ச்சி குன்றிப்போன ஒரு பக்கப் பகுதியில் (கொம்பில்) தங்கியிருக்கலாம், அல்லது கர்ப்பப்பை சத்தமில்லாமல் கிழிந்திருக்கலாம். இந்த மூன்றிலும் மேற்கொண்டு கொடுக்கும் ஒவ்வொரு மாத்திரையும் ஆபத்து.

காரணம் ஒன்றும் இல்லையென்றால், கர்ப்பப்பை வாய்க்குள் ஃபோலி குழாய் செலுத்தி அதன் பலூனை 30 மில்லி நீரால் நிரப்பி வைப்பது உதவும். ஆக்ஸிடோசின் தொடங்குவதாக இருந்தால் கடைசி மிசோப்ரோஸ்டாலிலிருந்து குறைந்தது 4 மணி நேரம் போயிருக்க வேண்டும்.

கேள்வி: கரு வந்துவிட்டது, நச்சுக்கொடி வரவில்லை என்று உடனே சுத்தம் செய்யக் கொண்டுபோனார்கள். எல்லோருக்கும் இப்படித்தானா?

பதில்: இல்லை. உதிரப்போக்கு கட்டுக்குள் இருந்து நாடியும் ரத்த அழுத்தமும் சீராக இருந்தால் காத்திருக்கலாம். பல இடங்களில் 3, 4 மணி நேரம் வரை பொறுத்துப் பார்க்கிறார்கள். கரு வந்த கையோடு ஆக்ஸிடோசின் 10 யூனிட் ஊசி போட்டால் நச்சுக்கொடி தானாக வரும் வாய்ப்பு கூடும். தொப்புள்கொடியைப் பிடித்து இழுப்பதுதான் கெடுதல். இந்த மாதத்தில் அது நூல் போல அறுந்துவிடும். முழுமையாக வந்த நச்சுக்கொடிக்குப் பின் வழக்கமாக ஒரு முறை சுரண்டி எடுப்பதற்கும் அவசியமில்லை. ரத்தம் கொட்டினால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

கேள்வி: 23 வாரம். குழந்தை உயிரோடு வெளியே வருமா? கேட்கவே பயமாக இருக்கிறது.

பதில்: கேட்டது நல்லது. இது முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். மிசோப்ரோஸ்டால் கருவின் இதயத்தை நிறுத்தும் மருந்தல்ல. மாதம் கூடக் கூட, வெளியே வந்த பிறகும் சில நிமிடங்கள் அசைவோ துடிப்போ இருக்க வாய்ப்பு உண்டு. அதனால் ஏறத்தாழ 22 வாரத்துக்கு மேல், மருந்து தொடங்கும் முன் ஸ்கேன் பார்த்தபடி கருவின் இதயத்தில் பொட்டாசியம் குளோரைடு செலுத்தி நிறுத்துவது பல நாடுகளில் வழக்கம். நிபுணர் செய்ய வேண்டியது. செய்த பின் துடிப்பு நின்றதை ஸ்கேனில் உறுதி செய்ய வேண்டும். உங்கள் மருத்துவமனையில் அது உண்டா, இல்லையென்றால் என்ன செய்வார்கள் என்று இன்றே கேளுங்கள். குழந்தையைப் பார்க்க விரும்புகிறீர்களா, துணியில் சுற்றித் தரச் சொல்ல வேண்டுமா என்பதையும் வலி வருவதற்கு முன்பே செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பின்னால் மனம் மாறினாலும் குற்றமில்லை.

கேள்வி: அடுத்த குழந்தைக்கும் இப்படி வருமா என்று அறிய எதை எடுத்து அனுப்ப வேண்டும்?

பதில்: மரபணு பரிசோதனைக்கு உயிருள்ள திசு வேண்டும். நச்சுக்கொடியில் கரு இருந்த பக்கத்துத் துண்டு, குழந்தையின் தோல் துண்டு போன்றவற்றைக் கிருமி நீக்கிய சலைனில் அல்லது ஆய்வகம் தரும் திரவத்தில் போட்டு அன்றே அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் பழக்கதோஷத்தில் ஃபார்மலினில் போட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஃபார்மலினில் விழுந்த செல்லை வளர்த்துக் குரோமோசோம் பார்க்க முடியாது. நுண்ணோக்கிப் பரிசோதனைக்குப் போகும் நச்சுக்கொடிக்கு மட்டும் ஃபார்மலின். எலும்புக் குறை என்று சந்தேகம் இருந்தால் முழு உடல் எக்ஸ்ரே எடுத்துவைக்க வேண்டும்.

தண்டுவடமோ மண்டை ஓடோ மூடாத குறை என்றால், அடுத்த முறை கருத்தரிக்கும் முன்பிருந்தே 12 வாரம் வரை தினமும் ஃபோலிக் அமிலம் 4 அல்லது 5 மில்லிகிராம். எல்லோருக்கும் சொல்லும் 400 மைக்ரோகிராம் இங்கே போதாது. இங்கேயும் அலகைப் பாருங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மார்பில் பால் கட்டிக்கொண்டது. யாரும் சொல்லவே இல்லை. இன்னும் எதையெல்லாம் சொல்லாமல் விட்டார்கள்?

பதில்: சொல்லியிருக்க வேண்டும். நச்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் சரியும். நான்காம் மாதத்துக்குப் பிறகு அதுவே பாலுக்கான சமிக்ஞை. இறுக்கமான உள்ளாடை, குளிர்ந்த ஒத்தடம், வலிமாத்திரை. பீய்ச்சி எடுக்காதீர்கள், எடுக்க எடுக்க ஊறும். கரு வந்த ஒரு நாளுக்குள் கேபர்கோலின் 1 மில்லிகிராம் ஒரே ஒரு வேளை கொடுத்தால் பால் ஊறாமலே தடுக்கலாம். ரத்தக் கொதிப்பு இருந்தவர்களுக்கு அது கூடாது. உங்களுக்கு இப்போது அந்த நேரம் கடந்துவிட்டது. ஒரு வாரத்தில் தானாக வற்றும். மார்பில் ஓரிடம் சிவந்து காய்ச்சலும் வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

ரத்தக்கசிவு இரண்டு, மூன்று வாரம் இருக்கும். கர்ப்பப் பரிசோதனை அட்டை பல வாரம் வரை இரண்டு கோடு காட்டலாம், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். கருமுட்டை மூன்று வாரத்திலேயே வெளிப்படக்கூடும். மாதவிலக்கு வரட்டும் என்று காத்திருந்து கருத்தடையைத் தள்ளிப்போட்டால் ஏமாந்துவிடுவீர்கள். உங்கள் ரத்த வகை ஆர்எச் நெகட்டிவ் என்றால், அடுத்த குழந்தையின் ரத்தத்தை உங்கள் உடல் எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் தாளில் பாருங்கள். கரு வெளியேறி 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியது அது. மூன்றாம் நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். போடவில்லை என்றால் இந்த இதழை மூடிவிட்டு இப்போதே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். நேரம் கடந்திருந்தாலும் போய்க் கேளுங்கள், தாமதமாகப் போட்டாலும் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும்.